பொட்டலத்தோட முதுகைப் படிக்கிற பேராண்டிக்கு

வா பேராண்டி, உக்காரு. உப்புல சயனைடு இருக்குன்னு குடும்ப வாட்ஸ்அப்புல போட்டு விட்டுட்டு நீ பாட்டுக்கு பெங்களூர்ல தூங்கிட்ட. இங்க உன் அப்பாயி அன்னைக்குக் கொழம்புல உப்பே போடல. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு பெரியவங்க சொன்னது சரிதான். ஆனா அது குப்பைக்குப் போறதுக்கு முன்னாடி என் இலைக்கு வந்துச்சே, அதை எந்தப் பெரியவரும் சொல்லி வைக்கல.

உன்னைக் குத்தம் சொல்லல. படிச்ச புள்ள. பொட்டலத்தோட முன்பக்கத்துல சிரிக்கிற பொம்பளையை நம்பாம, முதுகைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கிற. நல்ல பழக்கம். ஃப்ளாட் வாங்குறப்ப பத்திரத்தையும் இப்படி ஒரு தடவை படிச்சிருந்தீன்னா உங்கப்பன் ரெண்டு மா நெலத்தை வித்திருக்க மாட்டான். சரி, அதை விடு. உப்புக்கு வருவோம்.

அந்தப் பொடி எழுத்துல ஐ.என்.எஸ். 536ன்னு ஒரு நம்பர் இருந்துச்சு இல்ல? அதுக்குப் பேரு பொட்டாசியம் ஃபெரோசயனைடு. உப்பு கட்டி பிடிக்காம இருக்கச் சேக்குறது. வாயில நுழையாத பேரை நீ பாதியில வெட்டி, பின்பாதியை மட்டும் எடுத்துக்கிட்டுப் பயந்துட்ட. காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரியில மளிகைக் கடை வச்சுக் காலம் பூரா உப்பு அளந்தவன் நான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனச்சிருப்ப. எனக்கும் கண்ணாடி போட்டா எழுத்து தெரியும்டா.

உப்பு ஏன் கட்டி பிடிக்குதுன்னு உனக்குத் தெரியாது. நீ பொறந்தப்பவே அது பொட்டலத்துக்குள்ள போயிடுச்சு. எங்க காலத்துல கடையை அடைக்கிறப்ப எல்லாச் சரக்கையும் உள்ள எடுத்து வச்சிட்டு உப்பு மூட்டையை மட்டும் வாசல் திண்ணையிலயே போட்டுட்டுப் போவோம். உப்பைத் திருடுனவன்னு பேரு வாங்க எவனும் தயாரா இல்ல. ஆனா காவல் வேண்டாத அந்த மூட்டை சும்மா கெடக்காது. ஐப்பசி அடைமழையில அது பாட்டுக்கு அழுவும். மூட்டைக்குக் கீழ பலகை போட்டிருப்போம், பலகைக்குக் கீழ பிசுபிசுன்னு தண்ணி நிக்கும். அந்தத் தண்ணி பட்ட எடத்துல சிமெண்டுத் தரை பொரிஞ்சு போவும், தராசுத் தட்டு செவப்பாத் துருப்பிடிக்கும், எங்கப்பா வாயில இருந்து வர்ற வார்த்தையை உன்கிட்டச் சொல்ல முடியாது. உப்பு விக்கப் போனா மழை பெய்யுதுன்னு சொலவடை கட்டுனவன் நம்ம கடலோரத்து ஆளாத்தான் இருக்கணும்.

அந்த அழுகைக்குக் காரணம் உப்பு இல்ல, கூட வந்தவன். சுத்தமான உப்பு, காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் வாக்குல ஏறுனாத்தான் உருக ஆரம்பிக்கும். உப்பளத்துப் பாத்தியில கடல் தண்ணி வத்த வத்த முதல்ல ஜிப்சம் அடியில தங்கும், அப்புறம் உப்பு வெளையும், கடைசியில மிஞ்சுற கசப்புத் தண்ணியில மெக்னீசியம் குளோரைடு நிக்கும். அந்தத் தண்ணியை ஒழுங்கா வடிக்காம உப்பை வாரிட்டா கசப்பும் சேந்து வந்துடும். அது 33 சதவீத ஈரத்துலயே தண்ணி குடிக்க ஆரம்பிக்கிற ஆசாமி. காரைக்கால்ல காத்து என்னைக்குடா அவ்வளவு காஞ்சிருக்கு? அதனாலதான் புது உப்பு வேணாம், ஒரு மழைக்காலம் பாத்த பழைய உப்பா குடுன்னு வெவரம் தெரிஞ்ச பொம்பளைங்க கேட்டு வாங்குவாங்க. கசப்பெல்லாம் ஒழுகிப் போயிருக்கும்.

கல்லுப்பு கசிஞ்சா யாரும் கவலைப்பட்டதில்ல. சாடிக்குள்ள கையை விட்டு அள்ளிப் போட்டா முடிஞ்சிச்சு. வம்பு தூள் உப்புல வந்துச்சு. பரலுக்குப் பரல் நெருக்கமா இருக்குறதால, கொஞ்சம் ஈரம் பட்டா ஓரம் கரையும். திருப்பிக் காயுறப்ப கரைஞ்ச உப்பு ரெண்டு பரலுக்கும் நடுவுல வெளஞ்சு பாலம் கட்டிடும். இப்படி லட்சம் பாலம் சேந்தா, ஆணி அடிக்கலாம் அதால. ஓட்டல்காரன் உப்புக் குப்பியில அரிசியைப் போட்டு வச்சது இதுக்குத்தான். அமெரிக்காவுல மோர்ட்டன்னு ஒரு உப்புக் கம்பெனிக்காரன் 1911ல மெக்னீசியம் கார்பனேட்டைக் கலந்தான், மழையிலயும் கொட்டுற உப்புன்னு சொல்லியே காசு பாத்துட்டான்.

536 பண்ற வேலை வேற தினுசு. அது ஈரத்தை உறிஞ்சுறது இல்ல. உப்புப் பரல் மேல போய் ஒட்டிக்கிட்டு, அடுத்த உப்பு எப்படி வெளையணும்ங்கிறதையே மாத்தி விட்டுடும். கட்டம் கட்டமா கெட்டியா வெளைய வேண்டியது, கிளை விட்டு முள்ளுமுள்ளா வெளையும். முள்ளால கட்டுன பாலம் நிக்குமா? ஸ்பூன் பட்டாப் பொடிஞ்சிடும். மேல்பக்கத்துல மட்டும் வேலைங்கிறதால துளியூண்டு போதும்.

நம்பலையா? ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி எடுத்து ஒரு ஸ்பூன் பொட்டல உப்பைப் போட்டுக் கலக்கி வெளிச்சத்துக்கு நேரா புடி. வெளேர்னு கலங்கி நின்னு, அப்புறம் அடியில மாவா தங்குனா அது 551, சிலிக்கா. இல்லாட்டி கார்பனேட்டு வகையறா. தண்ணியில கரையாத சரக்கு அது. 536 மட்டும் சேந்த உப்புன்னா கரைஞ்சு கம்முன்னு போயிடும், கண்ணுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியுற மாவுக்கு நீ பயப்படல, தெரியாததுக்குத்தான் பயம். பேய்க்கும் அதே நியாயம்தான்.

இப்ப சயனைடுக்கு வரேன். ஒரு கரியணுவும் ஒரு நைட்ரஜன் அணுவும் கைகோத்த ஜோடி அது. தனியா உடம்புக்குள்ள போச்சுன்னா உசுரை எடுக்கும், அதுல உனக்கும் எனக்கும் சண்டை இல்ல. ஆனா 536ல நடுவுல ஒரு இரும்பு, அதைச் சுத்தி ஆறு ஜோடி. மாங்கனித் திருவிழாவுல மாடியில இருந்து மாம்பழம் விழுறப்ப, கூட்டத்துல பேரப்புள்ளை கையைப் புடிச்சிருக்கிற கெழவி புடி இருக்கே, அந்தப் புடி அந்த இரும்புக்கு. வயித்துல இருக்கிற அமிலத்துக்கு லேசுல மசியாது. ரசம் கொதிக்கிற சூட்டுக்கு அசையாது. அதை ஒடைக்கணும்னா நானூறு டிகிரி வாக்குல சூடு வேணும், இல்ல காட்டமான அமிலத்தை ஊத்திக் காச்சணும். உன் அப்பாயி வடை சுடுற எண்ணெய் 180, 190 டிகிரி. நானூறுக்கு ஏத்துனா எண்ணெயே தீப்புடிச்சுக்கும். அப்ப முதல்ல தீயணைப்பு வண்டியைக் கூப்பிடு, உப்பு விசாரணையை அப்புறம் வச்சுக்கலாம்.

இன்னொரு வேடிக்கை சொல்றேன். இதே சரக்கோட இரும்பு உப்பு சேந்தா அருமையான நீலம் கெடைக்கும். 1700களோட தொடக்கத்துல பெர்லின்ல கண்டுபுடிச்ச சாயம், பிரஷ்யன் நீலம்னு பேரு. அந்த நீலத்தை மாத்திரையாவே முழுங்கக் குடுக்குறாங்க, தாலியம் விஷத்துக்கும் கதிர்வீச்சு சீசியத்துக்கும் முறிவா. 1987ல பிரேசில்ல கோயானியாங்கிற ஊர்ல, கைவிட்ட ஆஸ்பத்திரியில இருந்து எடுத்த மிஷினை ஒடைச்சு காயலான் கடையில போட்டு, உள்ள இருந்த சீசியத்தைப் பளபளன்னு இருக்கேன்னு ஆளாளுக்குப் பங்கு போட்டுக்கிட்டாங்க. பாதிக்கப்பட்டவங்களுக்கு டாக்டருங்க குடுத்தது இந்த நீலத்தைத்தான். அதுக்குள்ளயும் சயனைடு இருக்கு பேராண்டி. அதை ஒரு ஃபார்வேர்டு போடேன்.

கணக்கு உனக்குப் புடிக்குமே, அதையும் பாத்துடுவோம். நம்ம உணவுப் பாதுகாப்பு ஆணையம் கிலோ உப்புக்கு 10 மில்லிகிராமுக்கு மேல 536 கூடாதுங்குது. அதாவது நூறு கிலோவுக்கு ஒரு கிராம். ஐம்பது கிலோ மூட்டை ரெண்டு, அதுக்கு ஒத்தைக் கிராம். ஐரோப்பாக்காரன் 20 வரைக்கும் விடுறான். உலக நிபுணர் குழு 1974லயே சொல்லிடுச்சு, உடம்பு எடையில கிலோவுக்கு 0.025 மில்லிகிராம் வீதம் தெனம் தெனம், ஆயுசு பூரா தின்னாலும் பாதகம் இல்லன்னு. 2018ல ஐரோப்பியக்காரங்க மறுபடியும் எல்லாத்தையும் தோண்டிப் பாத்து 0.03ன்னாங்க. சும்மா ஒண்ணும் சொல்லல. எலிக்கு ஏகத்துக்கும் குடுத்துப் பாத்தப்ப சிறுநீரகம் கெட்டுச்சு. கெடாத அளவு எதுன்னு பாத்து, அதையும் நூறால வகுத்து மனுஷனுக்கு வச்சாங்க.

நீ 60 கிலோன்னு வச்சுக்குவோம். இருந்த காலம் ஒண்ணு இருந்துச்சு, கல்யாண ஆல்பத்துல பாத்தேன். உனக்கு ஒரு நாளைக்கு ஒண்ணரை மில்லிகிராம் வரைக்கும் எல்லை. தாராளமா 10 கிராம் உப்பு தின்னாக்கூட உள்ள போறது 0.1 மில்லிகிராம், பதினஞ்சுல ஒரு பங்கு. அந்த எல்லையைத் தொடணும்னா நாளைக்கு 150 கிராம் உப்பை நீ வழிச்சு நக்கணும். அதுல கால்வாசியிலயே வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில கெடப்ப. 536க்கு உன் மேல என்ன கோவம் இருந்தாலும் சரி, உப்பு முந்திக்கும்.

இந்தப் பூச்சாண்டி கெளம்புனது 2019ல. மும்பையில ஒருத்தர் பத்திரிகைக்காரங்களைக் கூட்டி, அமெரிக்காவுல ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி சோதிச்சேன், பேர் போன உப்புல எல்லாம் இது இருக்குன்னார். இருக்கத்தான் செய்யும், பொட்டலத்துல அவனே எழுதியிருக்கானே. அவர் காட்டுன அறிக்கையிலயே பெரிய எண்ணு கிலோவுக்கு 4.71 மில்லிகிராம். நம்ம எல்லை 10. ஆணையமும் அளவுக்குள்ளதான் இருக்குன்னு சொல்லிடுச்சு. செய்தி அன்னைக்கே செத்துப்போச்சு, ஃபார்வேர்டு இன்னும் உசுரோட சுத்துது.

சயனைடு மேல அவ்வளவு பயம் இருக்கிறவன் மரவள்ளிக் கெழங்கை ஏண்டா தட்டு தட்டா முழுங்குற? அதுல சயனைடைக் கக்குற சத்து இயல்பாவே இருக்கு. இனிப்பு வகைக் கெழங்குலயே கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு உலகத் தரக்காரங்க கணக்கு வச்சிருக்காங்க. இங்க இரும்பும் கெடையாது, புடியும் கெடையாது. தோலைச் சீவி, தண்ணியில வேக வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டணும்னு நம்ம பொம்பளைங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அதனால நீ உக்காந்து பேசிக்கிட்டிருக்க. சிப்ஸ் பொட்டலத்துல நம்பர் இல்லாததால உனக்கு அது அமுதம்.

நம்ம ஊர்க்காரனுக்கு உப்பால வந்த ரோதனை புதுசு இல்ல. அப்ப உப்புல என்ன கலந்திருக்குங்கிறது பிரச்சினை இல்ல, உப்பு யாரோடதுங்கிறதுதான் பிரச்சினை. 1739ல தஞ்சாவூர் ராஜாகிட்டேர்ந்து காரைக்காலைப் பிரெஞ்சுக்காரன் வாங்குனான். நெப்போலியன் சண்டையெல்லாம் ஓஞ்சப்புறம் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் உக்காந்து பேசி 1815ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. இங்கிலீஷ்காரனோட உப்பு ஏகபோகத்துக்குக் குறுக்க நிக்கக்கூடாது, அதுக்கு வருஷத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். 1818ல அதுக்கும் மேல போயி, புதுச்சேரியிலயும் காரைக்கால்லயும் உப்பே வெளைய வைக்கக் கூடாதுன்னு எழுதிக்கிட்டாங்க. உப்பளம் வச்சிருந்தவனுக்கு நஷ்ட ஈடு, எல்லாருக்கும் சேத்து வருஷத்துக்கு 4000 வராகன். உப்பு வேணும்னா இங்கிலீஷ்காரன் குடுப்பான், பிரெஞ்சு சர்க்கார் வாங்கி விக்கும். கடல்ல கால் நனைய நிக்கிறான் நம்மாளு, உப்பு மட்டும் அடுத்தவன் தயவுல வருது. இப்படி ஒரு கூத்து உலகத்துல வேற எங்கயாவது நடந்திருக்குமா, சொல்லு.

அந்தப் பக்கம் இங்கிலீஷ் சீமையில 1930 ஏப்ரல் 13ந் தேதி திருச்சியில இருந்து ராஜாஜி நடந்தாரு. 28ந் தேதி வேதாரண்யம் வந்து, 30ந் தேதி அகத்தியம்பள்ளியில உப்பள்ளினாரு, ஜெயிலுக்குப் போனாரு. அள்ளுன உப்பு எத்தனை சதவீதம் சுத்தம்னு அன்னைக்கு யாரும் கேக்கல.

இப்ப நான் கேக்குறேன். நேத்து மத்தியானம் உன் இலையில என்னென்ன இருந்துச்சு? நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு ரெண்டு தடவை கேட்டு வாங்குன. பொரிச்ச அப்பளம், மோர் மொளகா. தயிர் சோத்துக்கு எலுமிச்ச ஊறுகா, அதுவும் தொட்டுக்கிட்டது இல்ல, பெசஞ்சு அடிச்ச. அத்தனைக்கும் அப்புறம் கையைக் கழுவிட்டு வந்து, தாத்தா, 536 கெட்டதான்னு கேக்குற. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள்ள நிறுத்துங்குது. நம்ம நாட்டுல சராசரியே 8 கிராம் வாக்குல போவுது. உன் இலை அந்தச் சராசரிக்கு ரொம்ப ஒழைக்குது. சாயங்காலம் சிநேகிதப் பசங்களோட நீ போன எடமும் எனக்குத் தெரியாம இல்ல. வெளியூர்க் காரு காரைக்காலுக்கு எதுக்கு வருதுன்னு வாஞ்சூர் எல்லையில நின்னு பாத்தாப் புரியும், எல்லாருமே திருநள்ளாறு சனீஸ்வரனைப் பாக்க வர்றவங்க இல்ல. கிளாஸ்ல இருந்ததைப் பத்தி நான் பேசல, வயசுப் புள்ளை. ஆனா தட்டுல வச்ச மிக்சர், மாங்காக் கீத்து, உப்புக் கடலைக்கெல்லாம் நம்பர் கேட்டியா?

ரத்தக் கொதிப்பு ஏறுறது உப்பால. பக்கவாதம் வர்றது அந்தக் கொதிப்பால. நூறு கிலோவுல ஒளிஞ்சிருக்கிற ஒரு கிராமைத் தேடிக்கிட்டுத் திரியுற, மிச்சம் தொண்ணூத்தொம்போது கிலோ சில்லறையும் உன் எதிர்லயே உக்காந்திருக்கு.

உன் பொண்டாட்டி பெட்டியில ஒரு செவப்பு உப்பைப் பாத்தேன். இமயமலை உப்பாம். இமயமலையும் இல்ல ஒண்ணும் இல்ல, பாகிஸ்தான் பஞ்சாபுல கேவ்ரா சுரங்கத்துல வெட்டுறது பெரும்பாலும். அந்தச் செவப்பு இரும்புத் துரு. எங்க கடைத் தராசுத் தட்டுலயும் அதே செவப்புதான் இருந்துச்சு, நான் அதுக்குத் தனியாக் காசு வாங்கல. உப்புங்கிற வகையில ரெண்டும் ஒண்ணு, கொதிப்பையும் ஒண்ணாத்தான் ஏத்தும். ஒரு விஷயத்துல மட்டும் அது மட்டம், அயோடின் சேக்கலேன்னா அதுல அயோடின் இல்ல. கடல் உப்புல தானா இருக்கும்னு நெனைக்காத, கடல் மீன்ல இருக்கு, உப்புல பேருக்குக்கூட நிக்காது. 1956ல இமாச்சலத்துக் காங்ரா பள்ளத்தாக்குல சோதிச்சுப் பாத்து, கழுத்துக் கழலை கொறையுதுன்னு தெரிஞ்சப்புறம் 1962ல நாடு பூரா திட்டம் போட்டாங்க. 2006 மே 17ல இருந்து அயோடின் சேக்காத உப்பைச் சாப்பாட்டுக்குன்னு விக்கக் கூடாதுன்னு சட்டம். வீட்டுக்கு வர்றப்ப கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது அதுல இருக்கணும். ஈரத்துல கசிஞ்சா அதுவும் சேந்து ஒழுகிடும். அதனால மூடி போட்ட சாடியில, அடுப்புக்குத் தள்ளி வைக்கச் சொல்லு. கட்டி பிடிக்காம, காஞ்சு கெடக்குற உப்புல அயோடினும் தங்கும்.

இத்தனை சொல்லியும் மனசு கேக்கலேன்னா ஒண்ணும் குடி முழுகிடல. அயோடின் போட்ட கல்லுப்பு வாங்கு. முதுகைப் படிச்சுப் பாரு, 536 இல்லாதது கெடைக்கும். அம்மியில தட்டிக்க. மழைக்காலத்துல சாடியோட அடியில தண்ணி நின்னா எனக்குப் போன் பண்ணாத.

ஊருக்குப் போறப்ப எடுத்துட்டுப் போன்னு அப்பாயி ஒரு பொட்டலம் வஞ்சிரக் கருவாடு கட்டி வச்சிருக்கா. வேண்டாம்னு சொல்ல மாட்ட, தெரியும். வெந்நியில நல்லா ஊறப் போட்டு, தண்ணியை மாத்தி மாத்தி அலசச் சொல்லு, உப்பு பாதி அங்கயே எறங்கிடும். கொழம்புக்குன்னு தனியா உப்புப் போட வேண்டாம். அலசுன தண்ணியை பால்கனிச் செடியில ஊத்திட்டா மறுநாளே கருகிடும். இங்கன்னா தென்னைக்கு ஊத்துவோம், உனக்கு ஏது தென்னை, சாக்கடையில கொட்டு. வாடைக்கு அசோசியேஷன்காரன் வந்து கதவைத் தட்டுனா சண்டை போடாத. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு ஒரு தட்டு சோறு போட்டு, கொழம்பை ஊத்து. தின்னுட்டு எந்திரிச்சவன் எப்படிடா புகார்ல கையெழுத்துப் போடுவான்?